பதினொன்றாம் வரிசை

இன்னும் பெயர் வைக்கவில்லை இவற்றுக்கு.
மலைநாட்டிலிருந்து லொறியில் வந்த பதினாறு வரிசை,
கறுப்புப் பையில் மண்,
மண்ணில் குத்திய தகட்டில் ஓர் இலக்கம்.
களுவாஞ்சிகுடியில்
கடலுக்கும் வாவிக்கும் நடுவே கால் ஏக்கர்.
கேள்வி ஒன்றுதான்:
எது இந்தப் பக்கத்து வீதியோரம் பிழைக்கும்,
பிழைப்பதோடு கண்ணுக்கும் நன்றாயிருக்கும்?

இரண்டு கிழமைக்கு ஒருமுறை புள்ளி போடுகிறேன்.
உயரம். பூ. இலைநுனிக் கருகல்.
ஐந்துக்கு எத்தனை.
எழுத்துகள் ஒருபக்கம் சரிந்திருந்தால்
அவை கச்சான் வீசிய நாட்கள்;
தாளில் மணல் ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது வரிசை குளிரில் வளர்ந்த பிள்ளை.
காலை ஒன்பதுக்கே தலையைத் தொங்கப்போடும்,
பின்னேரம் தண்ணீர் விட்டால் நிமிரும்,
மறுநாளும் அதே நாடகம்.
வைகாசியில் ஒருநாள் நிமிரவில்லை.
செத்தது என்று எழுதக் கூடாதாம்.
தாக்குப்பிடிக்கவில்லை என்று எழுதினேன்.

ஏழாவதை மாடு தின்றது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன்: சுவையானது.
வேலிக்குக் கம்பி இழுத்தபடி கனகசூரியம் அண்ணன்,
"றோட்டில நட்டா மட்டும் மாடு சும்மா விடுமா புள்ள?
அதையும் கணக்கில எடுங்கவன்."

கிணற்று நீர் உப்பேறிய ஆவணியில்
நாலு வரிசை ஒரே கிழமையில் பழுத்துக் கொட்டின.
ஆறாவது மட்டும்
இலையைச் சிறிதாக்கிக்கொண்டு பேசாமல் இருந்தது.

மார்கழி வெள்ளம் ஒன்பது நாள் நின்றது.
முழங்கால் வரை இறங்கி எண்ணினேன்.
பதினாறில் மிஞ்சியது ஐந்து.
ஐந்தில் ஒன்று, பதினொன்று,
தண்ணீருக்குள் நின்றபடி பூத்துக்கொண்டிருந்தது.
ஊதா. துவைத்துத் துவைத்துப் பழசான
சாறன் ஒன்றின் ஊதா.
ஐந்துக்கு ஐந்து, எல்லாக் கட்டத்திலும்.
என் பேனையிலேயே எனக்குச் சந்தேகம்.

செய்தி எப்படியோ மருதமுனைக்குப் போய்விட்டது.
நாற்றுமேடை வைத்திருக்கும் பளீலா ராத்தா
சீட்டுக் காசில் இரண்டாயிரம் சட்டி வாங்கிவிட்டுத்தான் வந்தார்.
"பதினொண்டுக்கு ஒரு பேர் வைங்க தங்கச்சி,
பேரில்லாம விக்கேலா."
பங்குனி வரை பொறுங்கள் என்றேன்.
சிரித்தார். சட்டி பொறுக்கும், சீட்டுக்காரி பொறுப்பாளா?

தையில், தண்ணீர் வடிந்த பிறகு,
சும்மா நடக்கத்தான் வாவிப் பக்கம் போனேன்.
கண்டல் வேர்களுக்கு இடையில் இரண்டு இலை.
எனக்குத் தெரிந்த இரண்டு இலை.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.
குந்தியிருந்து எண்ணினேன்,
நாற்பதில் நிறுத்திவிட்டு நாடாவை இழுத்தேன்.
வேலியிலிருந்து இருநூற்றுப் பத்து அடி.
யாரும் நடவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

ஆற்றுவாழையையும் யாரோ அழகு பார்த்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள்.
இன்று அதற்குள் தடி ஊன்றித்
தோணிக்காரர் மூச்சு வாங்குகிறார்.

படிவத்தில் 'பொருத்தம்' என்றொரு கட்டம் உண்டு.
பொருத்தம் மிஞ்சிப்போனால் எங்கே எழுதுவது?
மறுபடியும் ஓரத்தில்தான்.

பூவோடு பிடுங்கினோம்.
காயோடு சாக்கில் கட்டினோம்.
"ஒண்டே ஒண்டு, வீட்டு வாசலுக்கு" என்றார் கனகசூரியம் அண்ணன்.
நான் நெருப்புப் பெட்டியைக் கேட்டேன்.
பச்சை எரிய நேரமெடுத்தது.
புகை கடல் பக்கம் போகாமல்
எங்கள் இருவரையும் சுற்றிச் சுற்றி வந்தது.

இரவு ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.
ஆறாம் வரிசையைச் சொன்னேன்.
சின்ன இலை, சின்ன மஞ்சள் பூ,
உப்புக்குச் சாகாது, வெள்ளத்துக்குச் சாகாது, ஓடியும் போகாது,
ஐந்துக்கு மூன்று.
அந்தப் பக்கம் நெடுநேரம் ஒரு மின்விசிறியின் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்:
"மூண்டு எண்டா பாஸ்தானே?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் வாவிக்கரைக்குப் போகிறேன்.
போன கிழமை இருபத்தாறு பிடுங்கினேன்.
இன்று இருபத்தொன்று.
ஒன்றில் மொட்டு இருந்தது.